சுவரில் பூத்த பூஞ்சையும் பிளான் அப்ரூவலும்

டெக்சஸில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்குக் கோபிசெட்டிபாளையம் வருகிறான். படுக்கையறை அட்டாலியின் (பரணின்) அடியில் கறுத்துப் படர்ந்திருக்கும் பூஞ்சையைப் பார்த்துவிட்டு, இதை எடுக்க உரிமம் பெற்ற ஆளைத்தான் அழைக்க வேண்டும், வேலை தொடங்குமுன் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறான். அவன் அப்பாவோ, "செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறதுக்கு எதுக்குக் கண்ணு பர்மிசன்?" என்று கேட்கிறார். இதைப் போன்ற பேச்சு கொங்கு வட்டாரத்தில் பல வீடுகளில் நடந்திருக்கும். தத்தம் ஊரைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். பூஞ்சைக்குத் தண்ணீர் கொடுத்த இடத்தைச் சரிசெய்யப்போய் நாம் எதை இடிக்கிறோம், எதைப் புதிதாக எழுப்புகிறோம், யாருடைய இடத்தில் நின்றுகொண்டு அதைச் செய்கிறோம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

முதலில் மகன் சொல்வதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் வீட்டுப் பூஞ்சை பற்றி நாடு முழுமைக்குமான உரிமச் சட்டம் கிடையாது. சில மாநிலங்கள்தாம் தனிச் சட்டம் இயற்றியிருக்கின்றன. டெக்சஸில் பூஞ்சையை ஆய்வு செய்பவருக்கும் அகற்றுபவருக்கும் மாநில உரிமத் துறை உரிமம் வழங்குகிறது. ஒரே தொடர்ச்சியாக 25 சதுர அடிக்குக் குறையாமல் படர்ந்திருந்தால் அந்தச் சட்டம் பொருந்தும். பணி தொடங்குவதற்குக் குறைந்தது 5 நாள் முன்பே துறைக்கு அறிவிக்க வேண்டும். முடிந்தபின் வீட்டுக்காரர் கையில் ஒரு சான்றிதழ் தரப்பட வேண்டும். சிறிய குடியிருப்பின் உரிமையாளர் தம் வீட்டில் தாமே செய்துகொள்வதற்கு விலக்கு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் 10 சதுர அடியை எல்லையாக வைத்திருக்கிறது. அங்கே பூஞ்சை இருக்கிறது என்று ஆய்ந்து சொல்பவரே அதை அகற்றும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வியாதியைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராகவே இருந்தால் வியாதி பெரிதாகத் தெரியும் என்ற எச்சரிக்கைதான் அது. இவை எல்லாம் தொழில் செய்பவருக்கான உரிமங்களும் அறிவிப்புகளும். கட்டட அனுமதி என்பது அங்கும் தனி விவகாரம். தாங்கு சுவரையோ குழாயையோ மின்கம்பியையோ மாற்றும்போதுதான் அது குறுக்கே வருகிறது.

அங்கே இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கான விடையில் ஒரு பகுதி அவர்கள் வீடு கட்டும் முறையில் இருக்கிறது. மரச்சட்டம் அடித்து, அதன் இருபுறமும் காகித உறை போட்ட ஜிப்சம் பலகையைப் பொருத்தி, நடுவே பஞ்சு அடைத்த சுவர், பூஞ்சைக்குச் சுவரும் சாப்பாடுமாக ஒரே நேரத்தில் அமைந்துவிடுகிறது. அதை நீக்குவது என்றால் சுவரின் ஒரு பகுதியை அறுத்து வெளியே எடுப்பது என்று பொருள். அறுக்கும்போது வித்துகள் வீடெங்கும் பறக்கும் என்பதால் பிளாஸ்டிக் திரையும் காற்று வடிகட்டியும் தேவைப்படுகின்றன. நம்முடைய செங்கல்லும் சிமென்ட் பூச்சும் பூஞ்சைக்கு உணவாவதில்லை. அதன்மேல் நாம் தேய்த்த பட்டி, பெயின்ட், படிந்த தூசு, சமையலறைப் பிசுக்கு ஆகியவற்றைத்தான் அது தின்கிறது. ஆகவே பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் கோவை அவிநாசி சாலையை ஒட்டி எழும் புதிய அடுக்குமாடிகளில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும், குளியலறைச் சுவரை ஒட்டி மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அலமாரிகளும் வந்துவிட்டதால், டெக்சஸ் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக இங்கும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி அப்பா சொல்வது. தமிழ்நாட்டில் வீட்டுப் பூஞ்சையை அகற்றுவதற்கென்று தனி உரிமமோ அனுமதிச் சீட்டோ இல்லை. 2016 ஆம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பு, கட்டடத்தின் உறுதிக்கும் தீ பாதுகாப்புக்கும் பொது விதிகளுக்கும் ஊறு நேராத வரையில் அனுமதி தேவையில்லாத சிறு வேலைகளை எடுத்துச் சொல்கிறது. வெள்ளையடித்தல், வண்ணம் பூசுதல், பூச்சு வேலையும் ஒட்டு வேலையும், தரையைப் புதிதாகப் போடுதல், ஓடு மாற்றுதல், ஜன்னலையோ கதவையோ காற்றுத் துவாரத்தையோ திறப்பதும் அடைப்பதும், பொய்க்கூரை அமைத்தல், தன் எல்லைக்குள் ஜன்னல் மறைப்பு கட்டுதல் ஆகியவை அதில் உள்ளன. 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் பூச்சு, வண்ணம், தரை போன்ற பழுதுபார்ப்புகளை அனுமதிக்கு வெளியேதான் வைத்திருக்கின்றன. மலைவாழிடம், பாரம்பரியப் பகுதி போலத் தனி ஒழுங்குமுறை உள்ள இடங்கள் மட்டும் வேறு. ஆக, கறுத்த பூச்சைக் கொத்தி எடுத்து, உலரவிட்டு, மறுபடி பூசி வெள்ளையடிப்பதற்கு மாநகராட்சிக்கோ ஊராட்சி அலுவலகத்துக்கோ போக வேண்டியதில்லை. ஒரு காற்றுத் துவாரத்தைப் பெரிதாக்கவும் போக வேண்டியதில்லை. அப்பாவின் கேள்வி நியாயமானது.

ஆனால் சுண்ணாம்பு அடித்தால் பூஞ்சை போய்விடுமா? அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிடும் என்பது அப்பாவுக்கும் தெரியும். திரும்பி வருகிற இடத்தில்தான் வேலை பெரிதாகிறது; வேலை பெரிதாகிற இடத்தில்தான் அனுமதியும் வருகிறது. அதனால் சுவரில் தெரிவது என்ன என்பதைப் பிரித்துப் பார்ப்பது, சட்டத்தைப் புரட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம். நம் பக்கத்தில் ஓதம், உப்பு, பூஞ்சை ஆகிய மூன்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். ஓதம் என்பது தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம். அது பெரும்பாலும் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரு கோடு போட்டதுபோல் நிற்கும். உப்பு என்பது அந்த ஈரம் காயும்போது வெளியே தள்ளும் வெள்ளைப் பொடி. தண்ணீர் தெளித்தால் கரைந்து மறைவது உப்பு. நனைந்த பின்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது பூஞ்சை. கொங்குச் சுவர்களில் உப்பு அதிகம், அதற்குக் காரணம் ஆழ்குழாய்க் கிணற்றுச் சப்பைத் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, சப்பைத் தண்ணீரில் சாந்து குழைத்து, அதிலேயே சுவரை நனைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 தரநிலை சொல்கிறது. சோதித்துப் பார்த்துக் கட்டியவர் எத்தனை பேர் என்பது வேறு.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறையின் காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்த்தால், தாளின் உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் சுவர் குற்றவாளி. வெளிப்புறத்தில் கோத்திருந்தால் அடைத்த ஜன்னலும் நெருக்கமும் குற்றவாளி. பின்னதற்கு எந்த அனுமதியும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். முன்னதற்குத்தான் கொத்தனார், இன்ஜினியர், சில சமயம் நகரமைப்புப் பிரிவு.

மழை குறைந்த பூமி என்பதால் கொங்கு நாட்டில் வீடு கட்டுபவர்கள் மழையை அவ்வளவாக மதிப்பதில்லை. கோவையில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் சாரலைச் சுமந்து வரும் காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து வீடுகளின் மேற்குச் சுவரை வாரக் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கிறது. பெருமழை அடித்து ஓய்ந்தால் சுவர் காய்ந்துவிடும். விடாத சாரலுக்குக் காய நேரம் கிடைப்பதில்லை. ஈரோடு, கரூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. அது மேலிருந்து இறங்குவது, ஆகவே அங்கே பிரச்சினை மொட்டை மாடியில் தொடங்குகிறது. முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து மேலே தட்டோடு பதித்த மாடிகள் விரிசலைத் தாமே கொஞ்சம் தாங்கிக்கொண்டன. அந்த அடுக்கைச் சுருக்கமாக முடித்துவிட்ட மாடிகளில், பத்துப் பதினைந்து வருடத்தில் கூரையின் உட்புறம் வட்டம் வட்டமாகக் கறுக்கிறது.

இந்த நிலைக்கு இந்த வட்டாரம் கண்டுபிடித்திருக்கும் பெரிய மருந்து ட்ரஸ். மொட்டை மாடியின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, கலர் ஷீட் போட்டு, மாடி முழுவதையும் மூடிவிடுவது. திருப்பூரில் எந்தத் தெருவிலும் பத்து வீட்டுக்கு இரண்டு மூன்று வீடாவது இப்படி இருக்கும். மழை மாடியில் விழுவதே இல்லை, வெயிலும் தணிகிறது, துணி காயப்போடவும் இடம் ஆகிறது. ஆகவே வாட்டர் ப்ரூஃபிங் செய்வதைவிட இதுவே மேல் என்று மேஸ்திரியும் சொல்கிறார். ஒழுகுவதைத் தடுக்கச் செய்யும் பழுதுபார்ப்பு என்றே வீட்டுக்காரர் இதை நினைக்கிறார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. எந்த நோக்கத்துக்காக, எந்தப் பொருளால் கட்டப்பட்டிருந்தாலும் அது கட்டடமே, அதன் ஒவ்வொரு பகுதியும் கட்டடமே என்பது தேசிய விதித்தொகுப்பின் விளக்கம். ஏற்கெனவே அனுமதி பெற்ற வரைபடத்தில் திறந்த மாடியாகக் காட்டப்பட்ட இடத்தில் தூண் நிறுத்திக் கூரை போடுவது சேர்ப்பு வேலை. அதற்கு வரைபட அனுமதி வேண்டும். சொத்து வரி மறுமதிப்பீட்டிலும் அது கண்ணில் படும்.

அனுமதி கேட்டால் அதிகாரி பார்க்கும் விஷயங்கள் வெறும் காகிதச் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆடிக் காற்று ஷீட்டின் அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்கும் விசையைக் கைப்பிடிச் சுவரில் நான்கு போல்ட் அடித்து நிறுத்திய குழாய் தாங்குமா என்பது உயிர் சார்ந்த கேள்வி. அதைவிடச் சின்னதாகத் தோன்றினாலும் நம் பேச்சோடு நேரடியாக ஒட்டியது இன்னொன்று: ஷீட்டில் விழும் தண்ணீர் எங்கே போகிறது? ஆயிரம் சதுர அடி ஷீட்டில் ஒரு நாள் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர் தண்ணீர் ஓர் ஓரத்தில் சேர்ந்து கொட்டும். தாழ்வாரத் தகரமும் இறக்கக் குழாயும் இல்லாவிட்டால் அது பக்கத்து வீட்டுச் சுவரில்தான் அடிக்கும். ஒருவர் தம் பூஞ்சைக்கு மருந்து போட, அடுத்தவர் சுவரில் அதே பூஞ்சை பூக்கிறது. மழைநீர் சேமிப்பு 2003 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயம் என்பதால் அந்தத் தண்ணீரைக் குழிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் இடம் இல்லாத மனைகளில் அந்தக் குழியையே அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டிவிட்டு, கீழ்த்தளத்தில் ஓதம் ஏறுகிறது என்று வருந்துபவர்களையும் காண்கிறோம்.

ட்ரஸ் போடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு கேள்வி, பூஞ்சை மாடியிலிருந்துதான் வருகிறதா என்பது. குளியலறைத் தரைக்கடியில் குழாய்கள் ஓடத் தாழ்த்திக் கட்டிய சங்கன் பள்ளத்தில் தேங்கிய நீரோ தரையிலிருந்து ஏறும் ஓதமோ காரணமாக இருந்தால், லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட கூரையின் கீழே பூஞ்சை நிம்மதியாக இருக்கும். அனுமதியும் வாங்கி, வரியும் கூடி, சுவர் மட்டும் அப்படியே இருக்கும் வீடுகள் உண்டு.

மாநகராட்சி தராத, தரவும் முடியாத அனுமதி ஒன்று இருக்கிறது. பல தெருக்களில் அதுவே கடினமானது. ஈரோடு பழைய நகரப் பகுதியிலும் கோவையின் பழைய வீதிகளிலும் பக்கத்தில் இடம் விடாமல் எல்லையோடு சுவர் எழுப்பிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து மனை காலியாகவோ தாழ்ந்த ஓட்டு வீடாகவோ இருந்தபோது எழுப்பிய அந்தச் சுவரின் வெளிமுகம் பூசப்படாமலேயே நின்றுவிடுகிறது. செங்கல் வரிசை அப்படியே தெரியும். சாரல் அந்தச் செங்கலில் இறங்கி உள்ளே வருகிறது. உள்ளே எத்தனை முறை பட்டி பார்த்தாலும் பயனில்லை, வெளிமுகத்தைப் பூச வேண்டும். வெளிமுகத்தைப் பூசச் சாரம் கட்ட வேண்டும். சாரம் கட்டப் பக்கத்து வீட்டுக்காரரின் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், நிற்க வேண்டும். பூச்சு வேலைக்கு அரசு அனுமதி வேண்டாம் என்பது இங்கே எந்த உதவியும் செய்வதில்லை. முன்பே நிலைத்துவிட்ட வசதியுரிமை ஒன்று, அதாவது அடுத்தவர் இடத்தை நம் இடத்தின் தேவைக்குப் பயன்படுத்தும் உரிமை, இருந்தால், அதை முழுதாக அனுபவிக்கத் தேவையான செயல்களை, எதிர்த்தரப்புக்கு இயன்ற அளவு குறைந்த தொந்தரவோடு செய்துகொள்ள 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம்தான் சட்டம்.

வழி மறித்து நிற்பது பெரும்பாலும் பழைய மனக்கசப்பு. எல்லைக்கல் தகராறு, வேப்பமரத்துச் சருகு, எப்போதோ நடந்த சாக்கடைச் சண்டை ஆகியவை எல்லாம் சாரம் கட்டும் நாளில் எழுந்து வரும். அனுபவப்பட்ட மேஸ்திரிகள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: வேலை எத்தனை நாள், சாரம் எங்கே ஊன்றும், சிந்தும் சாந்தை யார் அள்ளுவார், உடையும் ஓட்டுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. சுவர் இருவருக்கும் பொதுவானதாக இருந்தால், அதாவது பத்திரத்திலேயே பொதுச்சுவர் என்று எழுதியிருந்தால், செலவைப் பங்கிடுவதையும் அதே தாளில் எழுதிவிடுவது நல்லது. பொதுச்சுவரைக் கொத்துமுன் பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படிக்கும் சிரமத்தைப் பலர் படுவதில்லை. பத்திரத்தைப் படித்துப் பார்த்தவர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை.

அடுக்குமாடியில் இந்தப் பக்கத்து வீடு தலைக்குமேல் இருக்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் பூஞ்சை, அதன் காரணம் மேல்வீட்டுக் குளியலறை. மேல்வீட்டு டைல்ஸைப் பெயர்த்து, சங்கனைச் சுத்தம் செய்து, மறுபடி பதிப்பது விதிப்படி தரை வேலைதான். ஆனால் கதவைத் திறக்க வேண்டியவர் வேறொருவர். வெளிச்சுவரும் மாடியும் தூண்களும் எல்லா வீட்டாருக்கும் பொதுவானவை என்பதால், அவற்றில் கை வைக்க உரிமையாளர் சங்கத்தின் தீர்மானம் தேவைப்படும். 2022 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் பொதுப்பகுதிகளின் பராமரிப்பைச் சங்கத்தின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. தம் வீட்டு வெளிச்சுவரை மட்டும் தாமே ரசாயனம் பூசிக்கொள்கிறேன் என்று இறங்குபவர், நல்லதே செய்தாலும், அடுத்தவர் சொத்தில் வேலை செய்கிறார்.

வாடகை வீட்டில் கேள்வி இன்னொரு திசையில் போகிறது. திருப்பூரின் லைன் வீடுகளில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளில், ஒரே ஜன்னல் உள்ள பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சமையலும் துவைத்த துணியும் நான்கு பேர் மூச்சும் சேர்ந்து சுவரை நனைக்கின்றன. 2017 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி பராமரிப்பு ஆகியவற்றை வீட்டு உரிமையாளர் கணக்கில் எழுதுகிறது. வாடகைதாரரே செய்த சேதத்தால் வந்த பழுது மட்டும் விலக்கு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் கணக்கு. கடமையைச் செய்ய மறுக்கும் உரிமையாளருக்குப் பதிலாகத் தாமே பழுது பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கட்டமைப்பை மாற்றும் எதையும், ஒரு புதிய ஜன்னல் உடைப்பதைக்கூட, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் வாடகைதாரர் செய்யக் கூடாது. "அண்ணா, நீங்களே பாத்துக்கோங்க" என்று போனில் சொன்னது ஒப்புதல் ஆகாது. தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்து அறை மாற்றும் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அட்டவணையைக் காட்டி வாதாடுவது எளிதல்ல.

ஓதம் ஏறிய சுவருக்குள் மின்குழாய் ஓடினால், பூச்சைக் கொத்துவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைப்பதோடு, கம்பியை மாற்றும் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம்தான் கொடுக்க வேண்டும். இது உண்மையாகவே சட்டப்படி உரிமம் கேட்கும் வேலை. தெருக் குழாயிலோ பாதாளச் சாக்கடை இணைப்பிலோ கசிவு என்று தெரிந்தால் சாலையை நாமே வெட்டக் கூடாது. உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பூச்சு வேலைக்கே அனுமதி கேட்க வேண்டிய இடமும் கொங்கில் உண்டு. நாமக்கல் மலைக்கோட்டையும் அதன் குடைவரைக் கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்பது 2010 இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டத்தின் ஏற்பாடு. 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டில் மாறுதலோ புதுப்பிப்போ செய்வதற்குத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பித்து, தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரை பெற வேண்டும். பாறையின் அடிவாரத்தில் நெருக்கமாக நிற்கும் வீடுகளில், பாறையில் வழியும் மழைநீர் பின்சுவரை நனைத்துப் பூஞ்சை பிடித்தால், ஊரின் மறுகோடியில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடும் வேலைக்கு இங்கிருப்பவர் விண்ணப்பத்தோடு அலைய நேரலாம். கோட்டையைக் காக்க இது தேவைதான். ஆனால் ஒழுகும் ஓட்டை மாற்றுவதையும் மூன்று மாடி எழுப்புவதையும் ஒரே வாசல் வழியாக அனுப்புவது, சின்ன வேலையையும் மறைத்துச் செய்யும் பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

வால்பாறை இன்னொரு உலகம். அதே கோவை மாவட்டம்தான், ஆனால் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே பூஞ்சை குற்றமல்ல, பருவம். எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிக்குச் சுவர் சொந்தமில்லை. வீடு கொடுப்பதும் அதைக் குடியிருக்கத் தகுந்தபடி வைத்திருப்பதும் 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொடங்கித் தோட்ட நிர்வாகத்தின் கடமையாகவே இருந்துவருகிறது. சொந்த வீடு உள்ளவருக்கு, கட்டடத்தைச் சேர்த்துக் கட்டும் எந்த வேலையும் 1990 இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்தே தொடங்க வேண்டியிருக்கும். சுவரில் வெயில் பட்டால் பூஞ்சை தானே அடங்கும் என்று வீட்டை மூடி நிற்கும் மரத்தை வெட்ட நினைத்தால், அறிவிக்கை செய்யப்பட்ட மலைப்பகுதிகளில் 1955 ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கும் அனுமதி தேவை.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விவசாயக் குடும்பங்களில் தோட்டத்துக்கு வாங்கிய பூஞ்சணக்கொல்லியையே டேங்க்கில் கலந்து படுக்கையறைச் சுவருக்கு அடிக்கும் பழக்கம் இருக்கிறது. 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பூஞ்சணக்கொல்லிகளும் அடக்கம். எந்தப் பயிருக்கு என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறதோ அதற்குத்தான் அந்த மருந்து பதிவாகியிருக்கிறது. வீடுகளுக்கு மருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு அதே சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உண்மையில் சிறிய பரப்புக்குச் சோப்புத் தண்ணீரும் தேய்ப்பானும் என்-95 முகக்கவசமும் போதும். 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிந்துரையும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது பூஞ்சையைவிடப் பல மடங்கு ஆபத்து. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் அறிவிக்கை செய்யப்பட்ட நோயான 'கருப்புப் பூஞ்சை' வேறு, சுவரில் கறுப்பாகத் தெரிவது வேறு. அந்தப் பயத்தில் அப்போது சுவரைச் சுரண்டியவர்கள் அநேகம். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்கள் வீட்டில் சுவர்ப் பூஞ்சையைப் பொருட்படுத்தாமல் விடக் கூடாது என்பது இதனால் மாறிவிடாது.

கொத்திய பூச்சு எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. 100 சதுர அடியில் அரை அங்குலப் பூச்சை எடுத்தால் ஏறத்தாழ கால் டன் வரும். ஒரு நாளைக்கு 20 டன்னோ மாதத்துக்கு 300 டன்னோ கழிவு தருபவர்தான் முன்கூட்டித் திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள் வகுத்தன. வீட்டு வேலை அந்த எல்லையின் அருகில்கூட வராது. ஆனாலும் நொய்யல் ஓரத்திலோ ஓடைக்கரையிலோ கொட்ட அது உரிமை தரவில்லை, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். சிமென்ட் ஷீட் கூரையின் அடியில் பாசியும் பூஞ்சையும் பிடித்திருந்தால் கம்பித் தூரிகையால் உலரவைத்துத் தேய்க்கவே கூடாது. பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும், அது மூச்சில் போனால் பல வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். நனைத்து, உடைக்காமல் இறக்கி, முழு ஷீட்டாகவே அப்புறப்படுத்த வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்து வீட்டுக்குத் திரும்பினால், அந்த அப்பா செய்ய வேண்டியது பீரோவில் இருக்கும் பழைய வரைபட அனுமதியைத் தேடி எடுப்பது. பூச்சும் வெள்ளையும் மட்டும் என்றால் அது தேவைப்படாது. மாடியை மூடுவது, பின்னால் ஓர் அறை சேர்ப்பது, சுவரை இடித்துக் கட்டுவது என்று பேச்சு நீண்டால், அந்தத் தாளில் மாடி எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, பக்கவாட்டில் எத்தனை அடி விட்டதாக எழுதியிருக்கிறது என்பதிலிருந்துதான் நகரமைப்புப் பிரிவு பேசத் தொடங்கும். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோருக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. புதிதாக வீடு எழுப்புபவருக்கு அது வரப்பிரசாதம். தாளே இல்லாமல் தாத்தா காலத்தில் எழுந்த வீடுகளுக்குத்தான் சிக்கல். சேர்ப்பு வேலைக்கு விண்ணப்பித்தால் இருப்பதற்கே கணக்குக் கேட்பார்களோ என்று பயந்து, அனுமதி வேண்டாத வேலையைக்கூட இரவோடு இரவாக முடிக்கிறார்கள். ஈரம் காயாத சுவரில் அவசரமாகப் பட்டி பார்த்து மூடுகிறார்கள். பூச்சைக் கொத்திவிட்டு மாசி, பங்குனி வெயிலில் ஒரு மாதம் சுவரைத் திறந்தே போட எந்த அலுவலகமும் தடை சொல்வதில்லை.